முன் பெஞ்சில் உட்காரும் முன்

கண்ணு, நீ அனுப்பிய சந்தன சோப்பு வந்து சேர்ந்தது. உடையாமல், நனையாமல் வந்தது. மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கூடவே வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு பைபிளம்மா படித்துச் சொன்னார்கள். பெரம்பூர் வேதக் கோயிலில் உனக்குக் கல்யாணம், பெண் வீட்டார் படித்தவர்கள், பெண்ணுடைய தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார், நான் அவருக்குப் பக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் விளங்கியது. அதற்கு அப்புறம் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது அந்த அம்மாவின் குரல் இறங்கிப் போயிற்று. வருகிற அன்று இந்த சோப்பைத் தேய்த்து நன்றாகக் குளித்துவிட்டு வரவும் என்று நீ எழுதியிருந்தாய். "தம்பி பாசத்துல எழுதிருக்குது அண்ணே," என்றார்கள். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றேன். நிஜமாகவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. உன் அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் உடனே தோன்றுவதில்லை. நாள் முழுக்கச் சுண்ணாம்புக் குழியில் கிடந்த கை மாதிரி இருக்கிறது மனசு. தொட்டால் தொட்டது தெரிகிறது. சூடா குளிரா என்று தெரியவில்லை.

இதை எழுதுகிறவர்களும் அந்த பைபிளம்மாதான். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற வேலை அவர்களுக்கு. நீ பட்டணத்துக்குப் போன பிறகு நம் பக்கத்தில் குடி வந்தவர்கள். நான் பேசுகிறேன், அவர்கள் திருத்தமாக எழுதிக்கொள்கிறார்கள். சொன்னதை விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டேன். "கெட்ட வார்த்தை வந்தா எழுத மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றார்கள். கல்யாணக் கடிதத்தில் கெட்ட வார்த்தை எங்கிருந்து வரப்போகிறது என்றேன். "உங்க வாயை எனக்குத் தெரியாதா?" என்றார்கள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருவேன். அதில் சந்தேகம் வேண்டாம். முன் பெஞ்சில் உட்காருவதைப் பற்றித்தான் முடிவு சொல்ல முடியவில்லை. சோப்பால் தீர்கிற விஷயமாக இருந்தால் நாலு வார்த்தையில் முடித்திருப்பேன். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவும் நானும் அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மூக்கு கிடையாது. பார்க்க இருக்கிறது, மூச்சும் போய் வருகிறது, வாசனை மட்டும் வராது. நல்லதும் வராது, கெட்டதும் வராது. நீ பிறப்பதற்கு முன்னாலேயே அது செத்துவிட்டது.

தோல் பதனிடுகிற ஷாப்பில் என்னை முதலில் இறக்கியது சுண்ணாம்புக் குழியில்தான். உப்புப் போட்ட பச்சைத் தோல் வண்டியில் வந்து இறங்கும். அதைக் கழுவிக் குழியில் ஊற வைக்க வேண்டும். மயிர் கழன்றதும் வெளியே இழுத்துப் போட்டுச் சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் போகும். ஆரம்பத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் குமட்டும். பிறகு இறங்கியது. பழகிவிட்டது என்று நினைத்தேன். குழியில் இறங்குகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கிறவனுக்குப் பழகியதும் செத்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கல்யாணமான புதிதில் உன் அம்மா அடுப்பில் கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து இடுப்புக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குடத்தைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "யோவ், தெருக்கோடி வரைக்கும் தீஞ்ச வாடை வருது, பக்கத்துல குந்திக்கினு இன்னாய்யா பண்ற?" என்றாள். "தீஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். மூக்குக்கு நேரே எதையோ பிடித்து, "இது இன்னா?" என்றாள். "சோறு," என்றேன். "இது?" "தண்ணி." கண்ணைத் திறந்தால் ஒரு கையில் அவள் தலையிலிருந்து எடுத்த மல்லிப்பூ, இன்னொரு கையில் மண்ணெண்ணெய் பாட்டில். "பூவைச் சோறுங்கற, மண்ணெண்ணையைத் தண்ணிங்கற. உன்ன நம்பி நான் கஞ்சி குடிக்க வந்தேன் பாரு," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பூவைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு, தீய்ந்த சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்றிலிருந்து அவள்தான் எனக்கு மூக்கு. பால் திரிந்ததா, சோறு ஊசினதா, எதையும் அவள் மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் வாயில் வைப்பேன். சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்தால் கொல்லையில் குளித்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். அவள் வந்து என் கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுப்பாள். "வீசுது. இன்னும் ஒரு குடம் ஊத்திக்கினு வா," என்பாள். திரும்பப் போய் ஊற்றிக்கொண்டு வருவேன். மறுபடி குனிவாள். "பரவால்ல, உள்ள வா," என்பாள். மழையானாலும் ஜுரமானாலும் இது நிற்காது. நான் முகம் சுளித்தால், "நான் சொல்லலன்னா உனக்கு யாருய்யா சொல்லுவாங்க? ஊரே மூக்கைப் பொத்திக்கினு சிரிக்கும்," என்பாள். புது மாப்பிள்ளைக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உன் பெண்டாட்டி உன்னிடம் வந்து "வீசுது" என்று சொன்னால் கோபப்படாதே. சொல்கிறவள் எவ்வளவு கிட்டே நிற்கிறாள் என்று பார்.

சோப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ரம்ஜான் பெருநாளுக்கு முதலாளி சாயபு எங்களையெல்லாம் ஷாப்பு வாசலுக்குக் கூப்பிட்டார். காதில் எப்போதும் அத்தர்ப் பஞ்சு வைத்திருப்பார் அவர். "கை நீட்டுங்கப்பா, பண்டிகை நாள்," என்று சொல்லி ஒவ்வொருவன் மணிக்கட்டிலும் அத்தர் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தெல்லாம் தேய்த்துக்கொண்டேன். அன்றைக்குக் குளிக்காமல் நேராக வந்து வாசலில் நின்றேன். உன் அம்மா குனிந்தாள். அவ்வளவுதான், இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். "மேல அத்தர், உள்ள சுண்ணாம்பு. ரெண்டும் சண்டை போடுது. இதுக்கு நீ சும்மாவே வந்திருக்கலாம்," என்றாள். எனக்கு அப்போது அந்த சாயபு ஞாபகம்தான் வந்தது. அவர் ஷாப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் மூக்கு போயிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். பஞ்சை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். அவரிடம் போய் வாடை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. பெரிய மனுஷர். எனக்குச் சொல்ல ஒருத்தி இருந்தாள். அந்தக் கணக்கில் நான் அவரைவிட ஜாஸ்தியாகவே பிழைத்தேன் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

நம் வீட்டில் இரண்டு துணிக் கொடி கட்டியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என் வேட்டி சட்டை கொல்லைச் சுவரோரம் காயும். உன் பள்ளிக்கூடச் சட்டை முன்பக்கம், பாலாற்றுக் காற்று வருகிற இடத்தில் காயும். நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் வாத்தியார் உன்னை எழுப்பி ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்து, "ஜன்னல் பக்கம் நல்லா காத்து வருது நைனா," என்று சந்தோஷமாகச் சொன்னாய். உனக்குப் புரியவில்லை. உன் அம்மாவுக்குப் புரிந்தது. அன்றைக்கே இரண்டாவது கொடி கட்டினாள். "நைனா சட்டை ஏன் தனியா காயுது?" என்று நீ கேட்டாய். "நைனா சட்டைக்குச் சளி பிடிச்சிருக்குது. உன் சட்டைக்கு ஒட்டிக்கும்," என்றாள். நீ அதை நம்பினாய். கொல்லைப் பக்கம் போகும்போது என் சட்டையைப் பார்த்து, "ஒடம்பு தேவலையா?" என்று விசாரிப்பாய்.

அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடச் சட்டையில் இருக்கும்போது நான் உன்னைத் தொட்டதில்லை. ஒரு தடவை பரீட்சையில் முதலாவதாகத் தேறியதைச் சொல்ல, கையை விரித்துக்கொண்டு ஷாப்பு வாசலுக்கே ஓடி வந்தாய். நான் அப்போதுதான் குழியிலிருந்து ஏறியிருந்தேன். உள்ளங்கையைக் காட்டி, "நில்லு!" என்று கத்தினேன். நீ நின்றாய். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ அங்கேயே நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாய். அதற்கப்புறம் எப்போதும் அந்தத் தூரத்திலேயே நின்றுதான் என்னிடம் பேசினாய். கம்பவுண்டர் வேலைக்குப் பட்டணம் போகும்போதும் வாசலில் அதே தூரத்தில் நின்று, "வர்றேன் நைனா," என்றாய். நான் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தச் சட்டைதான் உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கோயிலில் நான் ஏன் கதவோரம் உட்காருகிறேன் என்று நீ கேட்டிருக்கிறாய். காற்று வெளியே போகிற பக்கம் என்று உன் அம்மா பார்த்து வைத்த இடம் அது. யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. வேறு எங்கேயும் உட்காரச் சொல்லவும் இல்லை. உபதேசியார் ஒருநாள், நம்முடைய ஜெபம் நல்ல வாசனையாக மேலே போய்ச் சேருகிறது என்று பிரசங்கம் பண்ணினார். வழியில் உன் அம்மாவிடம், "அப்ப என் ஜெபம் எப்படி மேல போகும்?" என்று கேட்டேன். "உன் ஜெபத்துக்கும் ஒரு குடம் தண்ணி ஊத்தி அனுப்பு," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மோந்து பார்த்து உள்ள விடறவரா இருந்தா அவருகிட்ட நமக்கு இன்னா வேலை?" என்றாள். அவள் ஞானஸ்நானம் எடுத்ததால் நானும் எடுத்தவன். எனக்கு வேதம் வாசிக்கத் தெரியாது. கேட்டது பாதி மறந்துவிட்டது. விசுவாசம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. உன் அம்மா படுத்தபடியே, "மழை வாசனை வருது," என்பாள். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. எனக்கோ ஒன்றும் வராது. எழுந்து போய் விறகை எடுத்து உள்ளே அடுக்குவேன். மழை வரும். சில சமயம் வராது, வேலூர்ப் பக்கம் பெய்துவிட்டுப் போயிருக்கும். அடுத்த தடவையும் எழுந்து போவேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விசுவாசம். கடவுள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், இருக்கிறார் என்று அவள் சொன்னாள் என்பேன். என்னிடம் வேறு சாட்சி இல்லை. பைபிளம்மா பேனாவை நிறுத்தி, "இது போதாது அண்ணே," என்கிறார்கள். போதாதுதான்.

போன ஐப்பசியில் அவள் போனபோது நடந்ததை நாம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. தந்தி கொடுத்தோம். ஆற்றில் வெள்ளம் வந்து ரயில் நின்று நின்று வந்தது. மறுநாள் பொழுது ஏறியும் நீ வரவில்லை. பெண்கள் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார்கள். என் தம்பி வந்து, "இனிமே தாங்காது அண்ணே, எடுத்துடலாம்," என்றான். "எது தாங்காது?" என்று கேட்டேன். அவன் வெளியே போய்விட்டான். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் முந்தானையால், துண்டால் மூக்கை மூடியிருந்தார்கள். அப்போதுதான் விளங்கியது. விளங்கியதே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. எனக்கு அவள் முதல் நாள் இருந்த மாதிரியேதான் இருந்தாள். என் பையன் வரட்டும் என்று சொல்லிவிட்டு அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆயுசு முழுக்க எனக்கு உதவாத மூக்கு அன்றைக்கு உதவியது. அழுதேனா என்று கேட்டால் இல்லை. இதுவரைக்கும் இல்லை.

அப்போது நீ வந்தாய். வாசற்படியில் கால் வைத்ததும் உன் கை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாய். உள்ளே வந்து அவள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாய். பிறகுதான் எடுத்தோம். அன்றைக்கு அங்கே என்ன வாடை இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இது நடந்து இத்தனை மாதம் ஆகிறது, அந்தக் கைக்குட்டை உள்ளே போனதுதான் எனக்கு அடிக்கடி கண் முன்னால் வருகிறது. உன் டிஸ்பென்சரிக்குப் புண்ணோடு வருகிறவர்கள் இருப்பார்கள். தன் வாடை தனக்குத் தெரியாதவர்களும் அவர்களில் இருப்பார்கள். முகம் தானாகத் திரும்பும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. திரும்பின முகத்தை மறுபடி அவன் பக்கம் கொண்டு வா. உனக்கு அது வரும். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பாடு என்னவென்றால், குழியில் இறங்குவதை நான் விட்டுக் கொஞ்ச காலம் ஆகிறது. காய்கிற தோலுக்குக் காவல் மட்டும்தான். உடம்பில் ஏறியது இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. என்னோடு குழியில் இருந்த தோஸ்த்தைக் கேட்டேன். "எனக்கே மூக்கு செத்துக் கிடக்குது, என்கிட்ட வந்து கேக்கறியே," என்றான். தெருநாய்கள் என் பின்னாலேயே வருகின்றன. வாடைக்கு வருகின்றனவா, நான் எலும்பு போடுவதற்கு வருகின்றனவா என்று நாயைக் கேட்க முடியாது. கடைசியில் பைபிளம்மாவைக் கேட்டேன். "ஒண்ணும் வீசல அண்ணே, சத்தியமா," என்றார்கள். "அப்ப ஏம்மா உள்ள வராம வாசப்படியிலயே குந்திக்கினு எழுதறீங்க?" என்றேன். "வெளிச்சத்துக்கு," என்றார்கள். வெளிச்சத்துக்காகவும் இருக்கலாம். "இதையெல்லாம் எழுதணுமா?" என்று இப்போது கேட்கிறார்கள். எழுதுங்கம்மா என்றேன். நல்ல மனசு அவர்களுக்கு. நல்ல மனசு இருக்கிறவர்கள் வாயிலிருந்து எனக்கு வேண்டிய பதில் வராது.

அதனால் கண்ணு, நான் இப்படி நினைத்திருக்கிறேன். நீ அனுப்பிய சோப்பை நான் தேய்க்கப் போவதில்லை. தேய்த்தால் சந்தனம் எது, நான் எது என்று தெரியாமல் போய்விடும். அதை என் மருமகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன். நல்ல வாசனை என்று பைபிளம்மா சொல்கிறார்கள், அதை மட்டும் நம்புகிறேன். வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறுவேன். பெரம்பூர் ஸ்டேஷனுக்கு வேறு யாரையும் அனுப்பாதே. நீயே வா. கல்யாணச் சட்டை போட்டிருந்தாலும் சரி, வா. கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்து, உன் அம்மா பார்த்த மாதிரி மோந்து பார். பார்த்துவிட்டு உள்ளதைச் சொல். வீசினால் வீசுது என்று சொல். நான் கதவோரம் உட்கார்ந்து உன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வருவேன், அது எனக்குப் பழகின இடம்தான். பரவால்ல, உள்ள வா என்று அவள் சொல்லுகிற அந்த வார்த்தை உன் வாயில் வந்தால் வாத்தியாருக்குப் பக்கத்தில் முன் பெஞ்சில் உட்காருகிறேன். பிறகு யார் எந்தப் பக்கம் முகம் திருப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு ஷாப்பு வாசலில் உன்னை நிற்க வைத்தேன். இந்தத் தடவை ஸ்டேஷனில் இறங்கி நான் நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் அங்கேயே நிற்பேன். நீ கிட்ட வா.